திரும்பிப் போகாத பெட்டி

“உங்கப்பா கதவைத் திறப்பாரா?” என்று ஜேன் கேட்டாள்.

“திறக்க மாட்டார். நானும் தட்ட மாட்டேன்” என்றான் அழகேசன். “சும்மா வாசல்ல நின்னுட்டு வந்துடுவேன்.”

“அதுக்கா இங்கேருந்து ஒரு மணி நேரம் மோட்டார்ல போறீங்க?”

“இன்னிக்கு அம்மா செத்த நாள்லா.”

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூலிம் வீட்டு வாசலில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஜேன் தன் கணவனைப் பார்த்தது போலீஸ் நிலையத்துக் கம்பிகளுக்குப் பின்னால்.

அந்தப் பேச்சை அவள் புவனேசனிடம் மூன்று முறை சொல்லியிருந்தாள். மூன்று முறையும் வார்த்தை மாறவில்லை. பொய் சொல்கிறவர்கள் இரண்டாம் முறை சொல்லும்போது எதையாவது சேர்த்துக்கொள்வார்கள். இருபத்தாறு வருடம் போலீஸ் சார்ஜனாக இருந்துவிட்டு, சுங்கைப் பட்டாணியில் ஒரு துணிக்கடைக்கு மேல் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் புவனேசனுக்கு அந்த ஒரு விஷயத்தில் சந்தேகமே கிடையாது.

“நம்பிட்டீங்க, தெரியுது” என்றாள் காடியை ஓட்டிக்கொண்டிருந்த செரீனா. “நம்பினா நீங்க பசியாறாமலே கிளம்பிடுவீங்க. எனக்கும் பட்டினி.”

செரீனா அவருடைய உதவியாளர். கூலிம் தொழிற்சாலை ஒன்றில் பத்து வருடம் நெட்வொர்க் பார்த்தவள். ஆள் குறைத்தபோது வெளியே வந்தாள். வாய் மட்டும் குறையவில்லை.

இன்று வியாழன். நாளை காலை அழகேசனைக் கோர்ட்டில் நிறுத்தி, கொலைக் குற்றம் சாட்டப்போகிறார்கள். அதற்கு இருக்கும் ஒரே பலமான சாட்சி ஒரு வைஃபை பெட்டி.

செத்தவர் மெராந்தி ரப்பர் தோட்டத்தின் மண்டோர், வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி, சத்தியசீலன். ஞாயிறு மாலை ஆறேகால் மணிக்குக் கோயிலில் சாயம் அடித்தவர்கள் வேலை முடித்துப் போகும்போது உயிரோடு நின்றார். ஆறரைக்கு விளக்கு வைக்க வந்த பூசாரி, கோயிலின் பின்பக்கக் கால்வாயில் அவரைப் பிணமாகப் பார்த்தார். பின்மண்டையில் அடி. போன மாதம்தான் தோட்ட வாசலில் அழகேசனைத் தடுத்து, அவன் மனைவியின் மதத்தைச் சொல்லி நாலு பேர் முன்னால் அசிங்கமாகப் பேசியிருந்தார் சத்தியசீலன். அன்றைக்கு அழகேசன் அவர் சட்டையைப் பிடித்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

தோட்டத்து நெட்வொர்க் பதிவில், அழகேசனின் கைப்பேசி ஆறு எட்டிலிருந்து ஆறு முப்பத்தொன்று வரை ‘கோயில்’ என்ற பெட்டியோடு இணைந்திருந்தது.

குன்றுக்கு அந்தப் பக்கம் அப்பா வீட்டு வாசலில் நின்றேன் என்கிறான் அழகேசன். அவன் வரவில்லை என்று அந்த அப்பாவே போலீஸிடம் சொல்லிவிட்டார்.

*

தோட்ட அலுவலகத்தில் வசந்தன் காத்திருந்தான். தோட்டத்துக்கு வைஃபை போட்டுக் கொடுத்த கம்பெனியின் ஆள். அழகேசனோடு தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவன். தோட்டத்து வைஃபையின் கடவுச்சொல்லை அழகேசனுக்குக் கொடுத்ததும் அவன்தான். அதற்காக நாலு நாளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். மேனேஜர் கொடுத்த அனுமதி அரை மணி நேரம்.

எல்லாப் பெட்டிகளையும் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் திரையில் தோட்டத்துப் படம் விரிந்தது. அலுவலகம், பள்ளி, தொழிலாளர் லயம், கோயில், பம்ப் வீடு, ஸ்டோர். பதினொரு பெட்டிகள், பதினொரு பச்சைப் புள்ளிகள்.

புவனேசன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தனக்கு இதெல்லாம் புரியாது, புரிகிற மாதிரி சொல் என்றார். செரீனா சொன்னாள். வெளியுலகத்துக்கு ஒயர் இருப்பது அலுவலகப் பெட்டிக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் தகவலைக் காற்றில் ஒன்றுக்கொன்று கைமாற்றி விடுகின்றன. ஒவ்வொரு பெட்டியும் சுற்றிலும் காது கொடுத்துக் கேட்கும். யாருடைய சத்தம் தெளிவாக இருக்கிறது, யார் மூலம் போனால் அலுவலகத்தை எட்டக் குறைந்த கை மாற வேண்டும் என்று பார்த்து, தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளும். யாரும் தினமும் உட்கார்ந்து சொல்ல வேண்டியதில்லை.

“கோயில் பெட்டி யார் வழியா போகுது?”

வசந்தன் அந்த வரிசையைத் திறந்தான். பம்ப் வீடு என்று இருந்தது.

புவனேசன் ஜன்னல் வழியே பார்த்தார். அலுவலகத்திலிருந்து கோயில் கோபுரம் தெரிந்தது. சாரமும் பச்சை வலையும் சுற்றி நின்றது. நடுவில் நானூறு மீட்டர் ரப்பர் மரங்கள். பம்ப் வீடு இருப்பதோ குன்றின் மறுபுறம், தோட்டச் சாலையில் இரண்டு கிலோமீட்டர்.

பக்கத்தில் அலுவலகம் இருக்க, அது ஏன் குன்றைத் தாண்டிப் போகிறது என்று கேட்டார்.

வசந்தனிடம் பதில் தயாராக இருந்தது. மரம் இலை கொட்டிப் புது இலை விட்டிருக்கிறது. கொட்டின நேரத்தில் சிக்னல் நன்றாகப் போகும். தளிர் முற்றினால் மறைக்கும். வருடா வருடம் இதே கதைதான். அதனால் வேறு வழி பிடித்திருக்கும்.

“எப்ப பிடிச்சுச்சு?”

பதிவில் தேதி இருந்தது. பத்தொன்பது நாளுக்கு முன்னால் காலை ஒன்பது மணிக்குக் கோயில் பெட்டி அணைந்திருக்கிறது. அன்று மாலை நாலரைக்கு உயிர் வந்து, நேராகப் பம்ப் வீட்டைப் பிடித்திருக்கிறது. அப்புறம் அணையவும் இல்லை, வழி மாறவும் இல்லை.

செரீனா அவனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். அவள் விரல் ஒரு வரியில் நின்றது.

“வசந்தன், இதுல முதல் விருப்பம் ஆபீஸ்னு நீங்கதான் போட்டீங்களா?”

அவன்தான் போட்டிருந்தான். மழைக் காலத்தில் பெட்டிகள் மனம்போனபடி வழி மாறிக்கொண்டே இருந்ததால், கோயில் பெட்டிக்கு மட்டும் அப்படி ஒரு கட்டளை வைத்தானாம். அலுவலகத்தின் சத்தம் ஓரளவு கேட்டாலே போதும். எந்த வழியில் இருந்தாலும் விட்டுவிட்டு அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும்.

“அண்ணே, கேளுங்க. தாய்வீட்டு வாசல் திறந்திருந்தா எப்ப வேணும்னாலும் போய்க்கோன்னு மருமகளுக்கு எழுதியே கொடுத்தாச்சு. பத்தொன்பது நாளா அவ ஒரு தடவைகூடப் போகலை.”

“சண்டையா இருக்கும்.”

“பெட்டி சண்டை போடாது. போகலைன்னா வாசலே அவ கண்ணுக்குத் தெரியலை.” அவள் ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டினாள். “இலை மறைச்சதுன்னே வைச்சுக்குவோம். ஆபீஸ் சத்தம் குறையும், சரி. பம்ப் வீட்டுச் சத்தம் எப்படிக் கூடும்? பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்குது இதுக்கு. நடுவுல ஒரு குன்றே நிக்குது.”

வசந்தன் அந்த எண்ணைப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

“இந்தப் படத்துல கோயில் பெட்டியைக் கோயில்ல வைச்சது யாரு?” என்று புவனேசன் கேட்டார்.

“நான்தான் அண்ணே. மாட்டின அன்னிக்கு மௌஸால இழுத்து வைச்சேன்.”

“பெட்டியைக் கழற்றி வேற இடத்துல வைச்சா, படத்துல புள்ளி நகருமா?”

வசந்தன் மௌஸிலிருந்து கையை எடுத்தான். நகராது என்று மெதுவாகத் தலையாட்டினான். எங்கே கொண்டுபோய்க் கரண்ட் கொடுத்தாலும் அது அக்கம்பக்கத்தில் யார் பேசுகிறார்கள் என்று கேட்டு, தானே வழி பிடித்து உள்ளே வந்துவிடும். பெயர் மட்டும் கூடவே போகும். திரையில் பச்சையாகத்தான் தெரியும்.

“போலீஸ் கேட்டப்ப இதைத்தான் அச்சடிச்சுக் கொடுத்தேன்” என்றான். “அவன் பேரையும் கோயில் பேரையும் ஒண்ணா நான்தான் அச்சடிச்சுக் கொடுத்தேன்.”

*

கோயிலில் கும்பாபிஷேக வேலை நடந்துகொண்டிருந்தது. மூலவரைப் பாலஸ்தாபனம் செய்து, பின்னால் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். போலீஸ் கட்டிய மஞ்சள் நாடா கால்வாயோரம் இன்னும் அறுந்து கிடந்தது. சாயக்காரர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்தார்கள்.

பெட்டி இருக்க வேண்டிய தூணில் இரண்டு ஆணிகளும் ஒரு ஒயரும் மட்டும் இருந்தன.

கோயில் செயலாளர் பரஞ்சோதி மறைக்கவில்லை. சாயம் படக் கூடாதென்று கழற்றிச் சாமான் அறையில் வைத்தோம், வேலை முடிந்ததும் மாட்டலாம் என்று இருந்தோம் என்றார். வைஃபை இல்லை என்று யாரும் புகார் சொல்லவில்லை. ஆபீஸிலும் கேட்கவில்லை. சாமான் அறையைத் திறந்து காட்டியவர், அங்கே பெட்டி இல்லாததைப் பார்த்துத் திகைத்தார்.

“சாமியை இடம் மாத்தறதுக்கு நாள் பார்த்து, ஐயரைக் கூப்பிட்டு, ஊருக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்தீங்க” என்றாள் செரீனா. “பெட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு மனுஷன் நாலு நாள் லாக்கப்ல இருந்திருக்க மாட்டான், ஐயா.”

சாமான் அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று புவனேசன் கேட்டார். தன்னிடம் ஒன்று, தோரணம் கட்டி, கோயிலைக் கூட்டித் துடைக்கிற பழனியாண்டியிடம் ஒன்று என்றார் பரஞ்சோதி.

பழனியாண்டி, அழகேசனின் அப்பா.

*

குன்றைச் சுற்றிப் போகும் செம்மண் பாதையில் செரீனா கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. அது எங்கே இருக்கிறதோ அங்கே அவள் திரையில் தலைகாட்டும். பம்ப் வீட்டின் எண் வந்தது. நூறு அடி தள்ளி இன்னொரு எண் மங்கலாக எட்டிப் பார்த்தது. ரப்பர் தாள் உலர்த்திய பழைய புகைக்கூடத்தைத் தாண்டியதும் அது தெளிவானது. அந்தப் பக்கம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு.

தாழ்வாரத்து ஓட்டுக்குக் கீழே, கயிற்றால் கட்டியிருந்தது அந்த வெள்ளைப் பெட்டி. ஆயுதபூஜைக்குக் கோயிலில் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அதன் மேல் அப்படியே இருந்தன.

பழனியாண்டிக்கு அறுபத்தெட்டு வயது. இவர்கள் யார் என்று தெரிந்ததும், போலீஸ் மறுபடி வந்ததாக நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புவனேசன் அவரை உட்காரச் சொன்னார். பெட்டியைப் பற்றிக் கேட்டதும் கிழவரின் பார்வை தரையை விட்டு எழவில்லை. நான்தான் எடுத்தேன், திருடினேன் என்றார். எதற்கு என்று கேட்டதற்கு உள்ளே போய் ஒரு கைப்பேசியை எடுத்து வந்தார்.

அதில் ஜேன் தினமும் இணையத்தில் எல்லாரும் பார்க்கப் போடும் படங்கள். ஐந்து வயதுப் பேத்தி ரூபினி நீலச் சைக்கிள் ஓட்டுகிறாள். முன்பல் விழுந்த இடத்தைக் காட்டுகிறாள். சமையலறையில் நாற்காலி மேல் நின்று மாவு பிசைகிறாள். ஏழு வருடத்துக்கு முன் மகன் மாதாகோவிலில் தாலி கட்டியபோது போகாத மனிதர், பெட்டி வந்ததிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு இந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவன் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். குன்றுக்கு இந்தப் பக்கம் கைப்பேசிச் சிக்னல் வராது. அதற்குத்தான் பெட்டி.

ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்திருந்தீர்களா என்று புவனேசன் கேட்டார்.

உட்கார்ந்திருந்தார். நாய் குரைத்தது. வாசல் படல் பக்கம் ஓர் ஆள் நின்றான். கிழவர் எழுந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

“யாருன்னு தெரிஞ்சுதா?”

“தூரத்துக்குப் போடுற கண்ணாடி திண்ணையில இல்ல, உள்ள இருந்துச்சு. எடுத்துப் போட்டிருக்கலாம்.” அவர் கைப்பேசியை மடியில் வைத்தார். “போட்டுப் பார்த்தா அது அவனா இல்லாம போயிடுமோன்னு இருந்துச்சு. வேற யாராச்சும் எஸ்டேட் ஆளா இருந்தா? அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் போயிட்டான்.”

“போலீஸ்கிட்ட அவன் வரலைன்னு சொன்னீங்க.”

“அவங்க வந்ததுமே சொல்லிட்டாங்க, ஐயா. உன் மகன் அந்த நேரம் கோயில்ல இருந்தான், மெஷின்ல பதிவு இருக்குன்னு. மெஷின் பொய் சொல்லாதுன்னு அந்தப் போலீஸ் தம்பி சொன்னார். அப்ப நான் பார்த்தது அவன் இல்லைதானே? கண்ணு தெரியாத கிழவன். ஆசையில எவனையோ பார்த்து மகன்னு நினைச்சுட்டேன்.” “நாலு ராத்திரியா நான் கொலைகாரனைப் பெத்தவன்னு நினைச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்.”

புவனேசன் எழுந்து போய், தாழ்வாரத்தில் கட்டியிருந்த பெட்டியின் மேல் கை வைத்தார்.

“ஐயா, போலீஸ் சொன்ன மெஷின் இதுதான்.”

கிழவருக்குப் புரியவில்லை. புவனேசன் அவசரப்படாமல் சொன்னார். இந்தப் பெட்டியின் பெயர் கோயில். கோயிலை விட்டு வந்த பிறகும் அதுதான் பெயர். உங்கள் மகனின் கைப்பேசி கோயில் பெட்டியில் இருந்தது என்றால், அவன் இந்த வாசலில் இருந்தான் என்று அர்த்தம். ஆறு எட்டிலிருந்து ஆறு முப்பத்தொன்று வரை, இருபத்து மூன்று நிமிடம்.

பழனியாண்டி வாசல் படலைப் பார்த்தார். நாலு நாளுக்கு முன் போடாமல் விட்ட கண்ணாடியை இப்போது சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். படலில் யாரும் இல்லை.

“இருபத்து மூணு நிமிஷம்” என்றார்.

*

இன்ஸ்பெக்டர் லேசில் விடவில்லை. பெட்டியைப் பிறகு நகர்த்தியிருக்கலாமே, மகனைக் காப்பாற்றக் கிழவரே நேற்று எடுத்து வந்து கட்டியிருக்கலாமே என்று கேட்டார். செரீனா பதிவை மேசையில் விரித்தாள். பத்தொன்பது நாளாகப் பெட்டி ஒரு நொடியும் அணையவில்லை. ஒரு நாளும் வழி மாறவில்லை. கரண்டைப் பிடுங்காமல் இரண்டு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு நடக்க யாராலும் முடியாது, பட்டம் வாங்கிய டத்தோவாலும் முடியாது என்றாள். புவனேசன் அவள் காலை மேசைக்கடியில் மிதித்தார்.

இன்ஸ்பெக்டர் வசந்தனை வரவழைத்தார். அவனும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அவர் யாருக்கோ போன் செய்தார். பிறகு அந்த அச்சுத்தாளை மறுபடி படித்தார். ஞாயிறு மாலை கோயிலுக்குப் பின்னால் சத்தியசீலனோடு நின்றவன் யாராக இருந்தாலும், அவன் கைப்பேசியைக் கேட்க அங்கே எந்தப் பெட்டியும் இல்லை. அவர் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். சத்தியசீலனின் மனைவியிடமும் போய்ச் சொல்ல வேண்டும்.

நாளை கோர்ட்டில் குற்றம் சாட்டப்போவதில்லை, காலையில் விட்டுவிடுவோம் என்றார் கடைசியாக. பெட்டியை எடுத்தது பற்றித் தோட்டம் புகார் கொடுத்தால் கிழவர் வர வேண்டியிருக்கும். கூட வந்திருந்த பழனியாண்டி அதற்கும் தலையாட்டினார்.

வெளியே நீள பெஞ்சில் ஜேன் உட்கார்ந்திருந்தாள். தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. அவள் மடியில் தலை வைத்து ரூபினி தூங்கிக்கொண்டிருந்தாள். புவனேசன் விஷயத்தைச் சொன்னதும் ஜேன் அழவில்லை. யார் வீட்டில் பெட்டி இருந்தது என்று மட்டும் கேட்டாள். அவர் சொன்னார். அப்போதுதான் அவள் திரும்பி, கதவோரம் நின்ற மாமனாரைப் பார்த்தாள். ஏழு வருடத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“உள்ள அடி வாங்கின அவர் முதுகை நான் பார்த்தேன்” என்றாள். சத்தமே போடவில்லை. “ஒரு மாதிரி சாய்ஞ்சு உட்கார்றார். நிமிர முடியலை. வாசல்ல ஒரு ஆள் நின்னான், யாருன்னு தெரியலைன்னு சொல்லியிருந்தாக்கூடப் போதும். அந்த ஒரு வார்த்தை போதும் எங்களுக்கு. நீங்க, அவர் வரவே இல்லைன்னு சொன்னீங்க.”

“ஆமாம்மா.”

“அவர் என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? அப்பா பொய் சொல்ல மாட்டார், நான் நின்னது அவர் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னார்.”

செரீனா கிழவரைப் பெஞ்சில் உட்கார வைக்கப் போனாள். அவர் வேண்டாம் என்று கையசைத்தார். தூங்கும் குழந்தையை முதல் முறையாகக் கைப்பேசிக் கண்ணாடி இல்லாமல் பார்த்தார். தொடவில்லை. ஜேனும் குழந்தையை அவர் பக்கம் நகர்த்தவில்லை.

புவனேசன் வெளியே போய்விடலாமா என்று யோசித்தார். அதற்குள் பழனியாண்டி பேசத் தொடங்கிவிட்டார். எங்கேயோ பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு போல, தடுக்காமல் வந்தது. பொண்டாட்டி செத்த மறுநாளே கேட்க வேண்டும் என்று நினைத்தாராம். வீம்பு விடவில்லையாம். அப்புறம் ஒவ்வொரு வருடமும் இந்த வருடம் கேட்கலாம், இந்த வருடம் கேட்கலாம் என்று ஆறு வருடம் ஓடிவிட்டதாம். இப்போது கேட்க யோக்கியதை இல்லை, நீ முடியாது என்று சொன்னாலும் நியாயம்தான் என்றார்.

ஜேன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த வீட்டுல நான் தனியா இருக்க முடியலைம்மா” என்றார் கிழவர். “நானும் உங்ககூட வந்து இருக்கட்டுமா?”